கொம்பு தனியா கெடக்கு, பிரஷ் வரைய மாட்டேங்குது: டுடோரியல் பாத்து டிசைன் படிக்கிறவங்களுக்கு

தக்கலை பக்கம் ஒரு அம்மன் கோயில் கொடைக்கு போஸ்டர் பண்ணிக் குடுத்ததுதான் நான் காசு வாங்கிச் செஞ்ச முதல் வேலை, 300 ரூபா. கிளாஸ் எதுக்கும் போனது கிடையாது, ஆறு மாசம் ராத்திரி ராத்திரி யூடியூப் பாத்து படிச்ச தைரியம்தான். ஃபைல பென்டிரைவ்ல போட்டு நாகர்கோவில்ல ஒரு பிரஸ்ஸுக்குக் கொண்டு போனேன். அங்க இருந்த அண்ணாச்சி திறந்து பாத்தாரு, கண்ணாடிய கழத்தி துடைச்சிட்டு மறுபடியும் பாத்தாரு. "என்ன மக்கா, கொடையில கொம்பு தனியா கெடக்கு?"ன்னாரு. என் வீட்டு ஸ்கிரீன்லயும் அப்படித்தான் தெரிஞ்சுது, பிரிண்டுல சரியாயிரும்னு நினைச்சிருந்தேன். எதை வச்சு அப்படி நினைச்சேன்னு கேட்டா இன்னைக்கும் பதில் கிடையாது.

வீடியோல சொல்லிக் குடுக்கிறவருக்கு தப்பே வராது, வந்தாலும் அந்த இடத்த வெட்டிட்டுதான் போடுவாரு. நமக்கு வேண்டியது அந்த வெட்டின துண்டுதான், அதைத்தான் இங்க எழுதுதேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, உங்களுக்கு என்ன கோளாறோ அங்க போங்க. பெரும்பாலும் போட்டோஷாப் வச்சு சொல்லுதேன், கிம்ப், இங்க்ஸ்கேப், கோரல் டிரா மாதிரி மத்த டிசைன் சாஃப்ட்வேர் வர்ற இடத்துல தனியா சொல்லுவேன். கை வைக்கிறதுக்கு முன்னாடி ஃபைல ஒரு காப்பி எடுத்துக்கிடுங்க, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க. வெப்ராளத்துல நாலு செட்டிங்க சேத்து மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது, அடுத்த தடவ மறுபடி முதல்லேருந்து.

தமிழ் எழுத்து பிச்சுப் போட்ட மாதிரி வருது

இதுல ரெண்டு நோய் இருக்கு, மருந்து வேற வேற, அதனால முதல்ல எதுன்னு பாருங்க.

எழுத்து தமிழ்தான் ஆனா கொம்பு இடம் மாறி நிக்குது, நடுவுல புள்ளி வட்டம் வருதுன்னா அது யூனிகோட் ஃபாண்டு (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை), சாஃப்ட்வேர்தான் அத கோக்கத் தெரியாம முழிக்குது. யூனிகோட்ல "கொ"ன்னு அடிச்சா உள்ள முதல்ல க, அதுக்குப் பின்னாடி ஒகரக் குறி, அவ்வளவுதான் இருக்கும். கொம்ப முன்னாடி கொண்டு போய் வச்சு கால பின்னாடி வைக்கிறது சாஃப்ட்வேரோட வேலை. இங்கிலீஷுக்கு மட்டும் பழகின டெக்ஸ்ட் எஞ்சினுக்கு அது தெரியாது, வந்த வரிசையிலயே நிக்க வச்சிரும். போட்டோஷாப்ல எடிட், ப்ரிஃபரன்சஸ், டைப் போய் டெக்ஸ்ட் எஞ்சின் ஆப்ஷன்ல வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டுன்னு இருக்கிறத போடுங்க, கொஞ்சம் பழைய சிசி வெர்ஷன்ல அதே இடத்துல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கும். போட்டுட்டு ஒரு தடவ மூடித் திறங்க. இங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க, ஏற்கனவே அடிச்சு வச்ச டெக்ஸ்ட் அப்படியேதான் இருக்கும். அந்த டெக்ஸ்ட் லேயர செலக்ட் பண்ணி, பாராகிராஃப் பேனல் மூலையில உள்ள குட்டி மெனுவுல வேர்ல்ட்-ரெடி லேஅவுட்ட டிக் பண்ணணும், அப்பதான் கொம்பு ஓடிப்போய் அதோட இடத்துல நிக்கும். முதல் தடவ அது நடக்கிறத பாத்தப்ப நான் கை தட்டிட்டேன், அம்மா என்னமோன்னு எட்டிப் பாத்தாங்க. புது வெர்ஷன்ல பல நேரம் இதெல்லாம் கேக்காமலே சரியா வந்திருது.

இல்லஸ்ட்ரேட்டர்ல ப்ரிஃபரன்சஸ், டைப்புல ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ டிக் பண்ணிட்டு, பாராகிராஃப் பேனல் மெனுவுல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் கம்போசர் எடுக்கணும். கிம்ப்லயும் இங்க்ஸ்கேப்லயும் இந்தத் தொல்லையே கிடையாது, நிறுவின உடனே தமிழ் ஒழுங்கா வரும், ரெண்டும் இலவசம் வேற. புதுசா ஆரம்பிக்கிறவங்க யாரு கேட்டாலும் நான் இங்க்ஸ்கேப்பதான் சொல்லுவேன், கிராக் பண்ணின சாஃப்ட்வேர் போட்டு வைரஸ் வாங்கிட்டு வந்து நிக்கிற கூட்டுக்காரன் ஒருத்தனாவது எல்லாருக்கும் இருப்பான்.

ரெண்டாவது நோய், தமிழ் மொத்தமா காணாம போய் இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா கிறுக்கல் வருது. இது பாமினி மாதிரி பழைய ஃபாண்டு. அதுல நீங்க அம்மான்னு பாக்கிறது உள்ள எம், கே, செமிகோலன், கே, எச்தான், இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் சட்டை போட்டு விட்டிருக்கு. அந்த ஃபாண்டு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா சட்டை கழண்டு போகும். அந்த ஃபாண்ட போட்டா சரியாயிரும், இல்லன்னா என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடா மாத்திக்கலாம். மாத்தின பிறகு ஒரு தடவ முழுசா வாசிங்க, ஒண்ணு ரெண்டு எழுத்து சறுக்கும். பிரஸ்கள்ல இன்னைக்கும் பேஜ்மேக்கர் ஓடுது, அடோபி 2004-லயே அத வளர்க்கிறத நிறுத்திருச்சு, ஆனா வாக்காளர் லிஸ்டு மாதிரி நூறு பழைய ஃபைல் அதுல கெடக்கும்போது யாரு மாத்துவா. அண்ணாச்சிய குறை சொல்லாதீங்க, அவருக்கு எந்த ஃபாண்டு வேணும்னு முதல்லயே ஒரு வார்த்த கேட்டுருங்க.

இதோட சேந்த மூணு குட்டி விஷயம். இங்கிலீஷ் டுடோரியல்ல தலைப்புக்கு எழுத்து இடைவெளிய கூட்டு, அழகா இருக்கும்பான், தமிழ்ல கூட்டினா "கா"வுல கால் தனியா நடந்து போயிரும், தொடாதீங்க. வரி இடைவெளிய இறுக்குன்னும் சொல்லுவான், நமக்கு மேல ஈகாரச் சுழி கீழ ஊகார வால்னு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், இறுக்கினா மேல் வரி வால் கீழ் வரி தலையில முட்டும். ஃபாண்டுல போல்டு இல்லாம சாஃப்ட்வேர் போடுற பொய் போல்டும் வேண்டாம், ண-வோட சுழியெல்லாம் அடைஞ்சு மை கொட்டின மாதிரி ஆயிரும். முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பலூ தம்பி 2 எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸ்ல சும்மா கிட்டும், பல தடிமன்ல உண்மையான வெயிட்டோட.

பிரஷ்ஷ தேய்க்கிறேன், ஒண்ணும் விழல

இது எனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ வரும். சாஃப்ட்வேர் கெட்டுப் போச்சுன்னு அழிச்சு மறுபடி போட்டவங்களும் உண்டு, நான் உட்பட. முதல்ல ஃபைலோட பேர் இருக்கிற டேப்ப வாசிங்க. பேர், ஸூம் சதவீதம், பிராக்கெட்டுக்குள்ள எந்த லேயர்ல நிக்கீங்க, ஆர்ஜிபி/8-ன்னு எல்லாம் அதுலயே எழுதியிருக்கும். யாரும் வாசிக்கிறதில்ல. அதுல லேயர் மாஸ்க்னு இருந்தா நீங்க படத்துல வரையல, மாஸ்க்ல, அதாவது படத்த மறைக்கிற திரையில வரையுறீங்க, லேயர் பேனல்ல படத்தோட சின்னக் கட்டத்த கிளிக் பண்ணுங்க. க்விக் மாஸ்க்னு இருந்தா கை தெரியாம க்யூ பட்டிருக்கு, தேய்ச்சா சிவப்பா விழும், மறுபடி க்யூ தட்டினா போயிரும்.

அதுவும் இல்லன்னா கண்ட்ரோல்-டி. படத்துல எங்கயோ ஒரு மூலையில நாலு பிக்சல் செலக்ஷன் கெடக்கும், அதுக்கு வெளிய எதுவும் விழாது, முந்தி ஒரு நேரம் கண்ட்ரோல்-எச் தட்டி ஓடுற கோட்ட மறைச்சிருந்தா கண்ணுக்கும் தெரியாது. அடுத்தது ஒப்பாசிட்டி, கலர் எவ்வளவு அழுத்தமா விழணும்கிறது. பிரஷ் கையில இருக்கும்போது நம்பர் கீ தட்டினா ஒப்பாசிட்டி மாறும், 1 தட்டினா 10 சதவீதம், 0 தட்டினா 100. டெக்ஸ்ட் டூல் எடுத்தாச்சுன்னு நினைச்சு ஃபோன் நம்பர் டைப் பண்ணியிருப்பீங்க, அது அத்தனையும் பிரஷ்ஷுக்குப் போயிருக்கும். பிரஷ் வட்டம் போய் கூட்டல் குறி மட்டும் தெரியுதுன்னா கேப்ஸ் லாக். பேனல் மொத்தமா மறைஞ்சுதுன்னா டேப் கீ. இதையெல்லாம் பாத்தும் ஒண்ணும் கிட்டலன்னா மேல ஆப்ஷன் பார்ல டூலோட படத்த ரைட் கிளிக் பண்ணி ரீசெட் டூல் குடுங்க. கடைசி ஆயுதம், போட்டோஷாப் திறக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூணையும் அமுக்கிப் பிடிச்சா செட்டிங்ஸ அழிக்கவான்னு கேக்கும், ஆமான்னா புதுசு மாதிரி ஆயிரும், கூடவே நீங்க பாத்துப் பாத்து மாத்தி வச்சதும் போயிரும்.

கிம்ப்காரங்களுக்கு வேற ரெண்டு. அழிரப்பர் போட்டா பின்னால உள்ளது தெரியாம வெள்ளையா வருதுன்னா அந்த லேயர்ல ஆல்ஃபா சேனல், அதாவது பின்னால உள்ளத தெரிய விடுற வசதி இல்ல, லேயர் மெனு, டிரான்ஸ்பரன்சி, ஆட் ஆல்ஃபா சேனல். மஞ்சள் புள்ளிக்கோட்டுக்கு வெளிய வரைய முடியலன்னா லேயர் சின்னது, லேயர் டு இமேஜ் சைஸ் குடுங்க.

வீடியோல இருக்கிற பட்டன் எனக்கு இல்ல

வீடியோ எந்த வருஷம்னு கீழ பாருங்க. இதுல பெரிய குழப்பம் ஒண்ணு உண்டு. பழைய வீடியோல எல்லாம் படத்த பெருசாக்கும்போது ஷிஃப்ட்ட அமுக்கிக்கோ, இல்லன்னா நசுங்கிரும்னு சொல்லுவாங்க. போட்டோஷாப் சிசி 2019-ல அத தலைகீழா மாத்திட்டாங்க, இப்ப சும்மா இழுத்தாலே அளவு ஒழுங்கா வரும், ஷிஃப்ட்ட அமுக்கினாதான் நசுங்கும். நான் ஒரு மாசம் எல்லாரோட முகத்தையும் பூசணிக்காயா ஆக்கினது இப்படித்தான், சொன்னபடி ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே. அதே வெர்ஷன்லதான் கண்ட்ரோல்-இசட்டும் மாறுச்சு, முன்னாடி ஒரு அடி மட்டும் பின்னால போகும், இப்ப தட்டத் தட்ட போய்க்கிட்டே இருக்கும்.

பேனலே காணலன்னா விண்டோ, வொர்க்ஸ்பேஸ், ரீசெட். டூல் காணலன்னா டூல்பாருக்கு அடியில மூணு புள்ளிய அமுக்கிப் பாருங்க, இல்லன்னா பக்கத்து டூலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அமுக்கிப் பிடிச்சா வெளிய வரும்.

ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்லுன்னு வருது, லேப்டாப் நிக்குது

ஃபிளெக்ஸ்ல முகம் கட்டம் கட்டமா இருக்கு

இத ரெண்டையும் சேத்துதான் சொல்லணும், ஏன்னா ஒண்ணுக்கு பயந்து மத்ததுல விழுவோம்.

குளச்சல் பக்கம் ஒரு சர்ச் திருவிழாவுக்கு 10-க்கு 6 அடி ஃபிளெக்ஸ். பிரிண்டுன்னா 300 பிபிஐ, அதாவது இஞ்சுக்கு 300 பிக்சல்னு வீடியோல மனப்பாடம் பண்ணியிருந்தேன்லா, அப்படியே போட்டேன். கணக்கு பாருங்க, 10 அடின்னா 120 இஞ்ச், 300-ஆல பெருக்கினா 36,000 பிக்சல். 6 அடிக்கு 21,600. ரெண்டையும் பெருக்கினா 77 கோடிக்கு மேல பிக்சல், ஒரு பிக்சலுக்கு 3 பைட்டுன்னு வச்சாலும் ஒத்த லேயரே 2 ஜிபிக்கு மேல. என் லேப்டாப்ல மொத்தமே 4 ஜிபி ராம். ஃபேன் சத்தம் போட்டுச்சு பாருங்க, பம்புசெட்டு தோத்துரும். போதாக்குறைக்கு பிஎஸ்டி, அதாவது போட்டோஷாப்போட சொந்த ஃபைல், ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்கு மேல தாங்காது, சேவ் பண்ணவே விடல.

300 எங்க வேணும்னா கையில வச்சுப் பாக்கிற சாமானுக்கு, அழைப்பிதழ், நோட்டீஸ், விசிட்டிங் கார்டு. ஏ4-ன்னா 2480-க்கு 3508 பிக்சல், அது போதும். ஃபிளெக்ஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கிறது, பஸ்ல போகும்போது பாக்கிறது, 72 தாராளம். 10-க்கு 6 அடிக்கு 8640-க்கு 5184, பழைய லேப்டாப்பே தாங்கும்.

அத சரி பண்ணிட்டேன், மறுபடி மாட்டினேன். ஃபாதரோட போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாங்க, அகலம் 1600 பிக்சல். அத அப்படியே பின்னணி முழுசுக்கும் இழுத்தேன். 120 இஞ்சுக்கு 1600 பிக்சல்னா ஒரு இஞ்சுக்கு பதிமூணு சில்லறை. என் ஸ்கிரீன்ல சின்னதா பாக்கும்போது ஜோரா இருந்துச்சு, ஏன்னா நான் பாத்தது 10 சதவீத ஸூம்ல. கட்டின பிறகு பாத்தா ஃபாதர் முகம் கடலைமிட்டாய் மாதிரி கட்டம் கட்டமா. அவரு ஒண்ணும் சொல்லல, "தூரத்துல நின்னு பாத்தா சரியாத்தான் இருக்கு"ன்னாரு, நான் ரெண்டு நாள் அந்த ரோட்டுப் பக்கமே போகல.

அதனால, படம் வாங்கும்போதே டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க, வாட்ஸ்அப் சும்மா அனுப்பினா நசுக்கிரும். வந்ததும் பிக்சல் எத்தனைன்னு பாருங்க, எத்தனை இஞ்ச் இடத்துல வைக்கப் போறோமோ அதால வகுங்க. கார்டுக்கு 200-க்கு கீழ போனா யோசிக்கணும், ஃபிளெக்ஸ்ல முகத்துக்கு 40-க்கு கீழ போனா நான் வேற படம் கேப்பேன். இமேஜ் சைஸ்ல போய் நம்பர 72-லேருந்து 300-ஆ மாத்தினா தரம் கூடிரும்னு நினைக்காதீங்க, பாலுல தண்ணி ஊத்தி லிட்டர கூட்டுற கதைதான் அது.

ஸ்கிராட்ச் டிஸ்க்குன்னா போட்டோஷாப் வேலை நேரத்துல தற்காலிகமா எடுத்துக்கிற டிரைவ் இடம், அந்தப் பிரச்சனை மட்டும் தனியா வந்தா சி டிரைவ்ல இடம் இல்லன்னு அர்த்தம். போட்டோஷாப்பே திறக்கலன்னா கண்ட்ரோல்-ஆல்ட் அமுக்கிக்கிட்டு திறங்க, வேற டிரைவ எடுத்துக்கச் சொல்லலாம். சின்னப் படத்துக்கே வருதுன்னா கிராப் டூல்ல பழைய நம்பர் ஏதாவது கெடக்குதான்னு பாருங்க, 1080 பிக்சல்னு நினைச்சு 1080 இஞ்ச் குடுத்திருப்பீங்க. நம்பர கிளியர் பண்ணிட்டு வெட்டுங்க.

ஸ்கிரீன்ல பளிச், பிரிண்டுல செத்துப் போன கலர்

கன்னியாகுமரில சிப்பிக்கடை வச்சிருக்கிற சொந்தக்காரர் ஒருத்தருக்கு கார்டு பண்ணினேன். வள்ளுவர் சிலை, பின்னால கடல், நல்ல அடர்நீலம். அச்சுல வந்தது கத்தரிப்பூ கலர். கடல்ல யாரோ வயலட் மைய கலக்கி விட்ட மாதிரி. மாமா பாத்துட்டு "சாயங்காலம் எடுத்த படமா பிள்ளே"ன்னு கேட்டாரு, நானும் ஆமான்னுட்டேன்.

ஸ்கிரீன் வெளிச்சத்த வச்சு கலர் காட்டுது, அது ஆர்ஜிபி. பேப்பர்ல நாலு மை, சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு, அது சிஎம்ஒய்கே. வெளிச்சத்துல கிட்டுற எல்லா கலரும் மைல கிட்டாது, முக்கியமா பளீர் நீலம், கிளிப்பச்சை, புது பைக்ல வர்ற ஆரஞ்சு. சுத்தமான ஸ்கிரீன் நீலத்த அப்படியே மாத்தினா போட்டோஷாப்போட வழக்கமான செட்டிங்ல சியான் 88, மெஜந்தா 77 கிட்ட வரும். மெஜந்தா அவ்வளவு பக்கத்துல வந்தா வயலட் அடிக்கத்தான் செய்யும். நீலம் நீலமா வரணும்னா மெஜந்தா சியான விட 30-ஆவது குறைய இருக்கணும், 100-க்கு 60 வச்சுப் பாருங்க. வேலை பண்ணும்போதே கண்ட்ரோல்-ஒய் தட்டினா பிரிண்டுல எப்படி வரும்னு ஏறக்குறைய காட்டும், திரும்பத் தட்டினா பழையபடி. மானிட்டர் வெளிச்சத்த பாதியா குறைச்சு வச்சு வேலை செஞ்சா ஏமாத்தம் பாதி குறையும்.

கருப்பு எழுத்து நிழல் விழுந்த மாதிரி மங்கலா இருக்குன்னா அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். ஆர்ஜிபி கருப்ப மாத்தும்போது சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90-ன்னு நாலு மையும் சேந்து ஒரு கருப்பு ஆகும். சின்ன எழுத்துல நாலு மையும் ஒரே கோட்டுல விழணும்னா மெஷினுக்கு கஷ்டம், ஒரு மயிரிழை நகந்தாலும் ஓரத்துல சிவப்போ நீலமோ எட்டிப் பாக்கும். எழுத்துக்கு கருப்பு 100, மத்த மூணும் 0. அழைப்பிதழ் பண்றவங்க இத சுவத்துல எழுதி ஒட்டிக்கிடலாம்.

பிரஸ்ல ஃபைல் திறக்கல, திறந்தாலும் படம் இல்ல

கோரல் புதுசுல சேவ் பண்ணினத பழசு திறக்காது, சேவ் ஆஸ்ல வெர்ஷன்னு ஒரு கட்டம் இருக்கு, அவங்க வச்சிருக்கிற வெர்ஷன கேட்டு அதுல போடுங்க. படம் காணலன்னா லிங்க் மட்டும் போயிருக்கு, எம்பெட் பண்ணணும், அதாவது படத்த ஃபைலுக்குள்ளயே வச்சுக் குடுக்கணும். லோகோ பின்னால வெள்ளைக் கட்டம் வந்தா ஜேபிஜில சேவ் பண்ணியிருக்கீங்க, பிஎன்ஜில பண்ணுங்க. ஓரத்துல மெல்லிசா வெள்ளைக்கோடு வந்தா ப்ளீட் விடல, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட விடுங்க, வெட்டுறவரு கை மெஷின் இல்ல. ஃபாண்டு மாறுதுன்னா எழுத்த வடிவமா மாத்திக் குடுங்க, கோரல்ல கண்ட்ரோல்-கியூ, இல்லஸ்ட்ரேட்டர்ல கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஓ. மாத்தின பிறகு ஒரு எழுத்தக் கூட திருத்த முடியாது, அதனால மாத்தாத ஃபைல வேற பேர்ல வைங்க. இத நான் எத்தன பேருக்கு சொல்லியிருப்பேன், அதுக்கப்புறமும் நானே ஒரு தடவ மேல மேல சேவ் பண்ணிட்டேன்.

மழைக்காலத்துல நமக்கு கறண்டு போறதுக்கு நேரம் காலம் கிடையாது, ரெண்டு பருவமழையும் நம்ம மேலதான பெய்யுது. ப்ரிஃபரன்சஸ், ஃபைல் ஹேண்ட்லிங்ல தானா சேவ் ஆகுறது 10 நிமிஷம்னு இருக்கும், 5 ஆக்குங்க.

பாத்தா புரியுது, தனியா உக்காந்தா கை ஓடல

சாஃப்ட்வேர்ல இதுக்கு செட்டிங் கிடையாது. ஆனா எனக்கு அதிகமா வந்த கோளாறு இதுதான், ஆறு மாசம் பாத்தும் ஒரு போஸ்டர் சொந்தமா ஒழுங்கா வராததுக்குக் காரணம் என்னன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் பிடிபட்டுச்சு. நான் வீடியோவ பாஸ் பண்ணி பாஸ் பண்ணி, அவரு குடுத்த அதே படத்துல, அவரு போட்ட அதே நம்பர போட்டுக்கிட்டு இருந்தேன். அவரு ப்ளர் 6 போட்டா நான் 6. ஏன் 6-ன்னு தெரியாது. அவரு படம் 4000 பிக்சல், என் படம் 900, அதுல 6 போட்டா முகமே கரைஞ்சு போகும், அப்ப வீடியோ தப்புன்னு நினைச்சு அடுத்த வீடியோவுக்குப் போயிருவேன்.

இப்ப யாராவது கேட்டா இப்படித்தான் சொல்லுதேன். வீடியோவ ஒரு தடவ கை வைக்காம முழுசா பாரு, மூடிரு. உன் வீட்டு படம் ஒண்ண எடு, மட்டிப்பழக் குலையோ, தோவாளையில வாங்கின பூவோ, எதுவோ. நினைவுல இருக்கிறத வச்சு செய். எங்க நிக்குதோ அங்க என்ன நின்னுச்சுன்னு ஒரு வரி எழுது, "செலக்ட் பண்ணினேன், ஓரம் ரம்பம் மாதிரி வருது". அப்பறம் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வீடியோவ திறந்து பாரு. ஒவ்வொரு நம்பரையும் ரெண்டு முனைக்கும் இழுத்துப் பாரு, 0-ல என்ன ஆகுது, 100-ல என்ன ஆகுது, அப்பறம்தான் 6 எதுக்குன்னு தெரியும்.

ப்ளெண்ட் மோடு, அதாவது மேல் லேயர் கீழ் லேயரோட எப்படிக் கலக்கணும்கிறது, நான் படிச்சது அப்படித்தான். எந்த வீடியோவும் மண்டையில ஏறல. ஒரு நாள் பின்னேரம் வெள்ளப் பேப்பர்ல எங்க தாத்தா போட்ட கையெழுத்த போட்டோ எடுத்து, ஒரு ஓலைப்பாய் படத்து மேல வச்சு, ஷிஃப்ட்டையும் கூட்டல் கீயையும் தட்டித் தட்டி 27 மோடையும் ஒவ்வொண்ணா பாத்தேன். மல்டிப்ளைல வந்ததும் வெள்ள மொத்தமும் மறைஞ்சு கையெழுத்து மட்டும் பாய் மேல மையால போட்ட மாதிரி நின்னுச்சு. ஸ்கிரீன் மோடுல நேர் எதிரா கையெழுத்து போச்சு. அப்ப ஒண்ணு வெள்ளைய திங்குது, ஒண்ணு கருப்ப திங்குது. அதுக்குப் பிறகு புகை, தீப்பொறி, மழைன்னு கருப்பு பின்னணில வர்ற படம் எதுவானாலும் ஸ்கிரீன் மோடுன்னு கை தானா போகும். மிச்சம் 20 சில்லறை மோடு எதுக்குன்னு பாதி இப்பவும் நினைவில்ல, தேவைப்பட்டதும் இல்ல.

இன்னொண்ணு, வடசேரி பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருந்த போஸ்டர போட்டோ எடுத்துட்டு வந்து அத அப்படியே திரும்பப் பண்ணிப் பாத்தேன், விக்கிறதுக்கு இல்ல, பழகுறதுக்கு. பாக்க சாதாரண போஸ்டர், செய்ய நாலு நாள் ஆச்சு. தலைப்பு எழுத்து கீழ உள்ள எழுத்த விட ஆறு மடங்கு பெருசு, நான் எப்பவும் ரெண்டு மடங்குதான் வைப்பேன். என் போஸ்டர் எல்லாம் ஏன் முணுமுணுக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

எல்லாம் சரியா பண்ணியிருக்கேன், பாக்க நல்லா இல்ல

கண்ண பாதி மூடிப் பாருங்க. எது முதல்ல தெரியுது? ஒண்ணுமே தனியா தெரியலன்னா எல்லாமே கத்துதுன்னு அர்த்தம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கலர், ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்ட்ரோக், அதுக்கு ஒரு நிழல், அதுக்குப் பின்னால ஒரு வெளிச்சம். ஒவ்வொண்ணா கண்ண மூடுங்க, லேயர் பக்கத்துல இருக்கிற கண்ணத்தான் சொல்லுதேன். எடுத்தும் ஒண்ணும் குறையலன்னா அது வேண்டாதது. ஃபாண்டு ரெண்டு போதும். படத்த கருப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, எழுத்து பின்னணியோட கரைஞ்சா கலர் மாத்தி பிரயோஜனம் இல்ல, வெளிச்சம் இருட்டு வித்தியாசம்தான் போதல.

நம்ம ஊருக்குன்னு ஒரு தனிக் கஷ்டம், ஃபிளெக்ஸ்ல விழாக்குழு 40 பேர் தலையும் வேணும். ஒண்ணு செல்ஃபி, ஒண்ணு ஆதார் கார்டு படம், ஒண்ணு கல்யாண ஆல்பத்துலேருந்து வெட்டினது. ஒரு வட்டம் போட்டு, உள்ள கண்ணு எந்த உயரத்துல வரணும் தாடை எங்க முடியணும்னு ரெண்டு கைடு கோடு வைங்க, எல்லாத் தலையும் அந்தக் கோட்டுக்கு வரணும், ஆல்ட்டோட லேயர் நடுவுல கிளிக் பண்ணினா கிளிப்பிங் மாஸ்க் ஆயிரும், வட்டத்துக்குள்ள வர்றது மட்டும் தெரியும். எல்லாத்துக்கும் மேல ஒரே கலர் அட்ஜஸ்ட்மெண்டு. ஒரு தலை பெருசாச்சுன்னா மத்த 39 பேரும் ஃபோன் பண்ணுவாங்க, அதுக்கு கிம்ப்லயும் மருந்து கிடையாது.

அச்சடிச்ச பிறகு தப்பு தெரியுது

நீங்க டைப் பண்ணினத நீங்களே வாசிச்சா கண்ணு இருக்கிறத வாசிக்காது, இருக்க வேண்டியத வாசிக்கும். வேற ஒருத்தர சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லுங்க, ஃபோன் நம்பர பின்னாலேருந்து முன்னால வாசிக்கச் சொல்லுங்க. தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துதான்னு காலண்டர்ல பாருங்க. பழைய அழைப்பிதழ் ஃபைல திறந்து பேர மட்டும் மாத்துற பழக்கம் இருந்தா ரெட்டிப்பு கவனம், நம்ம பக்கம் சில வீட்டுல கொல்லம் ஆண்டும் போடச் சொல்லுவாங்க, அது ஜனவரில மாறாது, ஆகஸ்ட் நடுவுல மலையாளச் சிங்ஙம் 1-க்கு மாறும். அதுக்கு முன்னாடின்னா நம்ம ஆண்டுல 825 கழிக்கணும், பிறகுன்னா 824.

2025 ஆகஸ்ட் கடைசில ஒரு கல்யாணம், ஜூலைல அடிச்ச அழைப்பிதழ் ஃபைல காப்பி எடுத்து பண்ணினேன். 1201 வரணும், 1200-ன்னு அப்படியே நின்னுச்சு. மூணு பேர் வாசிச்சோம், யாரும் பாக்கல. கட்டு பிரிச்சதும் பொண்ணோட தாத்தா ஒரு கார்ட எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு, "பிள்ளே, இது போன ஆண்டுல்லா"ன்னாரு. 400 கார்டு. அதே ஃபாண்டுல 1201-ன்னு ஸ்டிக்கர் ஷீட்டுல அடிச்சு, கத்தரியால வெட்டி வெட்டி அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒட்டினோம், தாத்தாவும் கூட உக்காந்து ஒட்டினாரு, முடிய ராத்திரி ரெண்டு மணி ஆச்சு.